யோசேப்பின் வாழ்க்கையும் காணாமற்போன பத்துக் கோத்திரங்களும்: எந்த ஒப்புமை நிற்கும், எது நிற்காது?

மாலைவேதபாடம்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் கூடுகைக்கு ஒன்றரை மணி நேரப் பாடம் ஒன்று தயார் செய்ய வேண்டும். தலைப்பு: யோசேப்பின் வாழ்க்கை, சிதறடிக்கப்பட்ட பத்துக் கோத்திரங்களுக்கு (அசீரியர் சிறைபிடித்துப்போன இஸ்ரவேலின் வடராஜ்யத்துக்கு) முன்னடையாளம். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு நீளமான ஒப்புமை அட்டவணை கையில் இருக்கிறது. அதிலிருந்து சில வரிகள்:

– யோசேப்பை யூதா விற்றான். வடராஜ்யத்தை யூதாவின் ராஜா ஆகாஸ் அசீரியனிடம் வெள்ளிக்கு விற்றான்.
– யோசேப்புக்குப் பேர் மாறியது. பத்துக் கோத்திரங்களுக்கும் பேர் மாறியது.
– சகோதரருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை; யூதருக்கும் இன்று எப்பிராயீமை (யோசேப்பின் மகன் பேரால் வழங்கும் வடகோத்திரங்களை) தெரியவில்லை.
– யோசேப்பு தேசங்களுக்குத் தானியம் கொடுத்தான். இன்று உலகத்துக்குக் கோதுமை விற்கும் மேற்கத்திய நாடுகளே எப்பிராயீமும் மனாசேயும்.
– வடராஜ்யத்தின் தண்டனைக் காலம் 2520 வருஷம். அது 1800இல் முடிந்தது.

இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தள்ளலாம், எந்த அளவுகோலில்? யோசேப்பைவிட யாக்கோபின் வாழ்க்கைதான் பொருத்தம் என்று ஒரு கருத்தும் இருக்கிறது. அதற்கு வசன ஆதாரம் உண்டா? அந்த 2520 எங்கிருந்து வருகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையஏடு:

பிரதர், அட்டவணையை அப்படியே எடுத்துப்போனால் பாதி வழியில் யாராவது ஒரு வாலிபன் "இது எந்த வசனம்?" என்று கேட்பான், பாடம் அங்கேயே நின்றுவிடும். அளவுகோலை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கேள்விகள் போதும். பிந்தைய தீர்க்கதரிசி அந்தக் கோத்திரபிதாவின் பேரைச் சொல்கிறாரா? அவன் வாழ்க்கையிலிருந்து அடையாளம் தெரிகிற ஒரு காட்சியைத் தொடுகிறாரா? யார் யாருக்குச் செய்தார் என்ற திசை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா?

மூன்றும் பொருந்தினால் அது வேதமே சொல்லும் ஒப்புமை. இரண்டு பொருந்தினால் கவனமாகச் சொல்லலாம். ஒன்று மட்டும் என்றால் அது நாம் கட்டியது.

முதலில் அடித்தளம். யோசேப்பு எப்படி வடக்கின் பேர் ஆனான்? ஆதியாகமம் 48:5இல் எப்பிராயீமையும் மனாசேயையும் ரூபன், சிமியோனைப்போலத் தன் சொந்தப் பிள்ளைகளாக யாக்கோபு எடுத்துக்கொள்கிறான். 1 நாளாகமம் 5:1-2 அதை ஒரே மூச்சில் விளக்கிவிடுகிறது: சேஷ்டபுத்திர சுதந்தரம் யோசேப்புக்கு, தலைமை யூதாவிலிருந்து. அந்த இரண்டு வசனமும் இல்லாமல் இந்தப் பாடத்தைத் தொடங்கவே கூடாது. அதற்குமேல் வடராஜ்யத்தின் முதல் ராஜா யெரொபெயாம் எப்பிராயீமியன் (1 இராஜாக்கள் 11:26). சாலொமோன் அவனை வைத்ததும் யோசேப்பு வம்சத்தாரின் வேலைகளுக்கு விசாரிப்புக்காரனாகத்தான் (11:28). ஆகவே தீர்க்கதரிசிகள் "யோசேப்பு" என்றால் அது வடராஜ்யம். ஆமோஸ் 5:6, 5:15, சங்கீதம் 78:67, சகரியா 10:6 எல்லாம் இந்தப் பொருளில்தான்.

இப்போது முதல்தரமான ஒப்புமை. உங்கள் அட்டவணையில் அது இல்லவே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆதியாகமம் 37:24-25ஐப் படியுங்கள்: யோசேப்பைத் தண்ணீரில்லாத குழியில் போட்டுவிட்டு, சகோதரர்கள் சாப்பிட உட்காருகிறார்கள். பின்னால் 42:21இல் அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள்: அவன் கெஞ்சினான், அவன் ஆத்துமாவின் வியாகுலத்தைக் கண்டும் நாம் கேட்கவில்லை. அடுத்து ஆமோஸ் 6:4-6. தந்தக் கட்டில்களில் சாய்ந்து, ஆட்டுக்குட்டியும் கன்றுக்குட்டியும் தின்று, பெரிய பாத்திரங்களில் திராட்சரசம் குடிக்கிறவர்கள் யோசேப்புக்கு நேரிட்ட ஆபத்தைக் குறித்துக் கவலைப்படவில்லை. பேர் இருக்கிறது, பந்திக் காட்சி இருக்கிறது, குழியில் கிடப்பவனைப் பொருட்படுத்தாமல் சாப்பிடுகிற அதே திசையும் இருக்கிறது. சமாரியா விழுவதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்பு சொன்னது இது. ஒரு கூர்மையும் கூடுதலாக உண்டு: 6:1இல் கண்டிக்கப்படுகிறவர்களில் சமாரியாவின் பெரியவர்களும் இருக்கிறார்கள். அதாவது யோசேப்பின் வீட்டாரே யோசேப்பைக் குழியில் விட்டுவிட்டுச் சாப்பிடுகிறார்கள். 6:7 அவர்கள் சிறைப்பட்டுப்போகிறவர்களின் முன்வரிசையில் போவார்கள் என்று முடிக்கிறது.

இரண்டாவது, எரேமியா 31:15-20. ஆதியாகமம் 37:35இல் யாக்கோபு ஆறுதலை ஏற்க மறுக்கிறான். 42:36இல் "யோசேப்பும் இல்லை, சிமியோனும் இல்லை" என்று புலம்புகிறான். எரேமியாவில் அந்தப் புலம்பல் யோசேப்பைப் பெற்ற ராகேலின் வாயில் வருகிறது: பிள்ளைகள் இல்லை, ஆறுதல் வேண்டாம். உடனே 31:18இல் அழுது புலம்பும் எப்பிராயீம் பேரோடு வருகிறான். 31:20இல் கர்த்தரின் உள்ளம் அவனுக்காகக் கொதிக்கிறது. ஆதியாகமம் 43:30இல் பென்யமீனைக் கண்ட யோசேப்பின் உள்ளம் பொங்குகிற காட்சி நினைவுக்கு வராமல் போகாது. இங்கே 31:16-17தான் இதயம்: இல்லை என்று அழப்பட்டவர்கள் திரும்பி வருவார்கள். யோசேப்பு செத்துப்போகவில்லை, தகப்பன் அப்படி நம்பினான், அவ்வளவுதான்.

அட்டவணை வரிகளுக்கு வருகிறேன். ஆகாஸ் வரி பார்க்க அழகு, திசை தலைகீழ். ஆதியாகமம் 37:26-28இல் யூதா யோசனை சொல்கிறான், 20 வெள்ளிக்காசு சகோதரர் கைக்கு வருகிறது. 2 இராஜாக்கள் 16:7-9இல் ஆகாஸ் வெள்ளி வாங்கவில்லை. கர்த்தருடைய ஆலயத்திலும் அரண்மனையிலும் இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்துக் கொடுக்கிறான், தன்னை முற்றுகையிட்ட இஸ்ரவேலின் ராஜா பெக்காவிடமிருந்தும் சீரியாவின் ராஜா ரேத்சீனிடமிருந்தும் தப்பிக்க. தவிர, 2 இராஜாக்கள் 17:7-23 வடக்கு ஏன் போனது என்று 17 வசனம் செலவழித்துச் சொல்கிறது. அதில் யூதா விற்றான் என்ற குற்றச்சாட்டு இல்லை; கன்றுக்குட்டிகளும் பாகாலும்தான் காரணம். யோசேப்பு குற்றமில்லாமல் போனவன், எப்பிராயீம் குற்றத்தோடு போனவன். இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டுப் போதித்தால் ஒப்புமை பொய்யாகிறது, யூதர்மேல் தேவையில்லாத ஒரு பழியும் விழுகிறது.

பேர் மாற்றம்: பார்வோன் யோசேப்புக்கு இட்ட சாப்நாத்பன்னேயா என்ற பேர் ஆதியாகமத்தில் ஒரே ஒருமுறை, 41:45இல் வருகிறது. அதன் பிறகு பார்வோனே "யோசேப்பினிடத்துக்குப் போங்கள்" என்கிறான் (41:55). அதன்மேல் இத்தனை பாரம் வைக்க முடியாது. பேர் மாற்றத்தைப் பேசியே ஆக வேண்டுமானால் ஓசியா 1இல் லோருகாமா (இரக்கம் பெறாதவள்), லோகம்மீ (என் ஜனமல்ல) என்று பிள்ளைகளுக்குப் பேரிடுவதையும், 2:23இல் அது திரும்பப் புரட்டப்படுவதையும் எடுங்கள். அது வடராஜ்யத்தைப் பற்றியே நேரடியாகச் சொன்னது. ரோமர் 9:25-26இல் பவுல் அதைப் புறஜாதியாருக்கும் விரிக்கிறார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி கட்டாயம் வரும்.

கோதுமை வரியை அடித்துவிடுங்கள். அதற்குத் தீர்க்கதரிசியும் இல்லை, சரித்திரமும் இல்லை.

ஆபோர்நதி:

பழையஏடு ஐயா சொன்னதோடு சரித்திரப் பக்கத்தைச் சேர்க்கிறேன். "காணாமற்போன" என்ற சொல்லைப் பாடத்தின் தொடக்கத்திலேயே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாக் கற்பனைக்கும் அது வாசல் திறந்துவிடும்.

சிறையிருப்பு ஒரே நாளில் நடந்ததில்லை. கி.மு. 734-732இல் அசீரிய ராஜா மூன்றாம் திக்லாத்பிலேசர் கலிலேயாவையும் கீலேயாத்தையும் பிடித்தான் (2 இராஜாக்கள் 15:29). யோர்தானுக்குக் கிழக்கே ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரம் போனது (1 நாளாகமம் 5:26). பிறகு ஓசெயா ராஜா கப்பத்தை நிறுத்தி எகிப்தின் ராஜா சோவிடம் ஆள் அனுப்பியதால் அசீரிய ராஜா சல்மனாசார் மூன்று வருஷம் சமாரியாவை முற்றுகையிட்டான். கி.மு. 722-721இல் நகரம் விழுந்தது. அடுத்து வந்த இரண்டாம் சர்கோன் தன் கல்வெட்டுகளில் வெற்றியைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டான். சமாரியாவிலிருந்து கொண்டுபோனவர்கள் 27,290 பேர் என்கிறான். பட்டக வடிவக் கல்வெட்டு ஒன்றில் 27,280 என்று வரும். எதை எடுத்தாலும் அது பத்துக் கோத்திரங்களின் முழு ஜனத்தொகை ஆகாது.

மிஞ்சியவர்கள் எங்கே? 2 நாளாகமம் 30:11இல் எசேக்கியா பஸ்காவுக்கு அழைத்தபோது ஆசேர், மனாசே, செபுலோனிலிருந்து சிலர் எருசலேமுக்கு வருகிறார்கள். யோசியாவின் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்க மனாசேயும் எப்பிராயீமும் பணம் கொடுக்கிறார்கள் (34:9), அது சமாரியா விழுந்து நூறு வருஷம் கழித்து. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களோடு எருசலேமில் எப்பிராயீமியரும் மனாசேயரும் குடியிருந்ததாக 1 நாளாகமம் 9:3 எழுதி வைத்திருக்கிறது. லூக்கா 2:36இல் அன்னாள் ஆசேர் கோத்திரத்தாள். எருசலேமின் மேற்குக் குன்றில் கி.மு. எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் நகரம் திடீரென்று பெருத்ததையும், சுமார் 7 மீட்டர் அகலமான மதில் எழும்பியதையும் தொல்லியலாளர் பலர் வடக்கிலிருந்து ஓடிவந்த அகதிகளோடு இணைக்கிறார்கள். அதை மறுப்பவர்களும் உண்டு. இன்னொரு கிளையும் நிற்கிறது: கெரிசீம் மலையிலும் ஹோலோனிலும் இன்று ஆயிரத்துக்கும் குறைவாக வாழும் சமாரியர், தங்களை எப்பிராயீம், மனாசே, லேவி வழியினர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

போனவர்கள் போன இடத்துக்கு விலாசம் இருக்கிறது: ஆலாக், கோசான் நதியோரமான ஆபோர், மேதியரின் பட்டணங்கள் (2 இராஜாக்கள் 17:6). கோசான் என்பது இன்றைய சிரியாவின் வடகோடியில் டெல் ஹலாஃப். ஆபோர் என்பது காபூர் ஆறு. சமாரியாவிலிருந்து நேர்கோட்டில் 650 கிலோமீட்டருக்கு மேல். பாடத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பம்: எசேக்கியேல் உட்கார்ந்திருந்த கேபார் நதியை இந்த ஆபோரோடு ஒன்றாக்குவது. கேபார் பாபிலோனியாவில் நிப்பூர் பக்கம் ஓடிய கால்வாய்; ஆபோர் வெகு தூரம் வடக்கே. எசேக்கியேல் பத்துக் கோத்திரங்களின் நடுவில் இருந்தார் என்று போதிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

யோசேப்போடு ஒட்டுகிற ஒரு சின்னச் செய்தி, அளவோடு பயன்படுத்துங்கள். அசீரியரின் பழைய தலைநகரமான நிம்ரூதில் கிடைத்த குதிரைப் பட்டியல்களில் சமாரியர்களின் ரதப்படைத் தலைவர்கள் தனிப் பிரிவாகப் பேரோடு வருகிறார்கள். சிறைப்பட்டவன் அந்நிய ராஜாவின் சேவகத்தில் உயருவது யோசேப்புக்கு மட்டும் நடந்ததல்ல. ஆனால் இதை எந்தத் தீர்க்கதரிசியும் எடுத்துப் பேசவில்லை. ஐயாவின் அளவுகோலில் இது மூன்றாம் தரம்.

"பத்து" என்ற எண்ணிலும் கைவைக்கும்முன் யோசியுங்கள். 1 இராஜாக்கள் 11:31இல் தீர்க்கதரிசி அகியா சால்வையைப் பன்னிரண்டாகக் கிழித்துப் பத்தை யெரொபெயாமுக்குக் கொடுக்கிறான். வாலிபர்களைப் பேர் சொல்லச் சொல்லுங்கள்: ரூபன், காத், எப்பிராயீம், மனாசே, இசக்கார், செபுலோன், ஆசேர், நப்தலி, தாண். ஒன்பதோடு நின்றுவிடும். பத்தாவது சிமியோன் என்றால் அவன் நிலம் யூதாவின் நடுவில் இருக்கிறது (யோசுவா 19:1, 9). லேவி என்றால் அவனுக்குப் பங்கு நிலமே இல்லை. பட்டியல் எப்படிப் போட்டாலும் ஒரு மூலை இடிக்கும். அதைத் தீர்த்துவைத்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அப்படியே விட்டுவிடலாம்.

மாலைவேதபாடம்:

மிக்க நன்றி ஐயா, ஆபோர்நதி அண்ணாவுக்கும் நன்றி. ஆமோஸ் 6 இத்தனை நெருக்கமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எசேக்கியேல் 37இன் இரண்டு கோல்கள், சகோதரர் ஒன்றுசேர்ந்த ஆதியாகமம் 45க்கு நிறைவேறுதல் என்று சொல்லலாமா? யாக்கோபு விஷயமும் 2520உம் இன்னும் பாக்கி.

கணக்குப்பிள்ளை:

2520ஐ நான் எடுத்துக்கொள்கிறேன், கணக்கு என் பிரியம்.

செய்முறை இது. லேவியராகமம் 26இல் "ஏழத்தனையாய்" தண்டிப்பேன் என்று வருகிறது. அதை ஏழு "காலங்கள்" என்று எடுக்கிறார்கள். ஒரு காலம் 360 நாள் என்று வைத்து 7 × 360 = 2520 நாள். பிறகு எண்ணாகமம் 14:34ஐயும் எசேக்கியேல் 4:6ஐயும் பிடித்து ஒரு நாளை ஒரு வருஷமாக்கினால் 2520 வருஷம். கி.மு. 721இலிருந்து எண்ணி, பூஜ்ய வருஷம் கிடையாது என்பதால் ஒன்றைக் கூட்டினால் கி.பி. 1800. கழித்தல் கூட்டல் சரிதான். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவிய, பிரிட்டிஷாரே பத்துக் கோத்திரத்தார் என்னும் பிரிட்டிஷ் இஸ்ரவேல் கொள்கை இதை விரும்பிப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை: முடிவு அவர்கள் சாம்ராஜ்யம் எழுந்த காலத்தில் வந்து விழுகிறது.

எங்கே உடைகிறது என்றால், லேவியராகமம் 26இல் அந்த ஏழு ஒருமுறை அல்ல, நான்குமுறை வருகிறது: 18, 21, 24, 28ஆம் வசனங்கள். மனந்திரும்பாவிட்டால் இன்னும் ஏழு, அதற்கும் அடங்காவிட்டால் இன்னும் ஏழு. அது தண்டனையின் கடுமையைப் பேசுகிறது. காலமாக எடுப்பதானால் ஒருமுறை மட்டும் ஏன் பெருக்க வேண்டும்? அடுத்து, அந்த அதிகாரம் முழு இஸ்ரவேலுக்கும் சொன்னது, வடக்குக்குத் தனியாக அல்ல. கால அளவு என்று அது தருவது தேசம் தன் ஓய்வுநாட்களை அனுபவிக்கும் என்பதுதான் (26:34-35). 2 நாளாகமம் 36:21 அதை எடுத்து யூதாவின் 70 வருஷத்துக்குப் பொருத்திவிடுகிறது. கடைசி ஓட்டை எல்லோர் கண்ணிலும் படக்கூடியது: 360 நாள் வருஷத்தில் பெருக்கிவிட்டு, கிடைத்த வருஷங்களை 365 நாள் வருஷமாக எண்ணுகிறார்கள்.

இன்னொரு வகையும் உங்கள் குழுவில் வரலாம். எசேக்கியேல் 4:5இன் 390ஐ ஏழால் பெருக்கி 2730. கி.மு. 722இலிருந்து எண்ணினால் 2009, 734இலிருந்து எண்ணினால் 1997. எந்த வருஷத்தில் செய்தி வேண்டுமோ அதற்கேற்ப ஆரம்பத்தை நகர்த்துவார்கள். ஓசியா 6:2இன் "இரண்டு நாளை" 2000 வருஷமாக்கும் கணக்கும் அப்படியே. 722இலிருந்து எண்ணினால் 1279 வரும், அந்த வருஷம் யாருக்கும் உதவாது என்பதால் ஆரம்பத்தை இயேசுவின் காலத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

யோசேப்பின் கதையிலேயே திடமான எண்கள் இருக்கின்றன, அதைச் சொல்லுங்கள். விற்கப்பட்டபோது 17 (37:2). பார்வோன் முன் நின்றபோது 30 (41:46). ஏழு வருஷம் விளைச்சல், இரண்டு வருஷம் பஞ்சம் கழிந்து (45:6) தன்னை வெளிப்படுத்தியபோது 39. ஆக 22 வருஷப் பிரிவு. யாக்கோபு பார்வோன் முன் 130 (47:9), அதற்குப்பின் எகிப்தில் 17 வருஷம் (47:28). யோசேப்பைப் பறிகொடுக்கும்முன் அவனோடு இருந்ததும் 17, திரும்பப் பெற்றபின் இருந்ததும் 17. இதற்குப் பெருக்கல் எதுவும் வேண்டாம்.

செவ்வாய்வாசகர்:

யாக்கோபுக்கு ஆதாரம் உண்டா என்றால், யோசேப்பைவிடப் பலமாகவே உண்டு, சகோதரரே. ஓசியா 12. ஒரு தீர்க்கதரிசி கோத்திரபிதாவின் வாழ்க்கையை வரிசையாக எடுத்து வடராஜ்யத்தின்மேல் வைக்கிற அதிகாரம் அது.

12:3இல் கர்ப்பத்தில் சகோதரனின் குதிகாலைப் பிடித்தது, 12:4இல் தூதனோடு போராடி அழுதுகெஞ்சியது, உடனே பெத்தேலில் அவனைக் கண்டது. கேட்டவர்களுக்கு அங்கே சுருக்கென்று தைத்திருக்கும். பெத்தேலில்தான் யெரொபெயாம் பொன் கன்றுக்குட்டியை நிறுத்தினான் (1 இராஜாக்கள் 12:29). உங்கள் தகப்பன் தேவனைக் கண்ட இடத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் ஓசியாவின் அடி. 12:7-8இல் கள்ளத்தராசு பிடித்த எப்பிராயீம் "நான் ஐசுவரியவானானேன்" என்கிறான். தந்திரத்தாலும் பிரயாசத்தாலும் ஆஸ்தி சேர்த்த யாக்கோபின் நிழல் அதில் விழுகிறது. 12:12இல் யாக்கோபு சீரியா தேசத்துக்கு ஓடிப்போய், பெண்ணுக்காக ஊழியம்செய்து ஆடு மேய்த்தது. 12:13இல் ஒரு தீர்க்கதரிசியால் இஸ்ரவேல் எகிப்திலிருந்து வந்து காக்கப்பட்டது. பேர், காட்சி, திசை மூன்றும் பொருந்துகின்றன. யாக்கோபு குற்றமில்லாதவன் அல்ல என்பதால், யோசேப்பின் ஒப்புமையில் பழையஏடு ஐயா காட்டிய விரிசல் இங்கே எழாது. தன் தப்பால் வீட்டைவிட்டு ஓடினவன், 20 வருஷம் அந்நியனிடம் வேலைசெய்து (ஆதியாகமம் 31:41), நொண்டிக்கொண்டு, புதுப் பேரோடு திரும்புகிறான்.

பூகோளமும் கைகொடுக்கிறது. யாக்கோபு ஓடிப்போன ஆரானிலிருந்து ஆபோர்நதி சொன்ன கோசான் நூறு கிலோமீட்டருக்குள், கிட்டத்தட்ட நேர் கிழக்கே. இஸ்ரவேல் கோத்திரங்கள் சிறைப்பட்டுப்போனது, அவர்களின் தகப்பன்மார் பெரும்பாலோர் பிறந்த பிரதேசத்துக்குத்தான். யாக்கோபின் குமாரரில் பென்யமீன் தவிர மற்ற எல்லாரும் பதான் அராமில் பிறந்தவர்கள். வரைபடத்தில் இரண்டு ஊரையும் குறித்துக் காட்டினால் போதும். ஆனால் ஓசியா ஊர்ப்பெயரைக் கணக்கிடவில்லை, இதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்லிவிடாதீர்கள்.

எரேமியா 30:7இன் "யாக்கோபுக்கு இக்கட்டுக்காலம்" வரியையும் சிலர் ஆதியாகமம் 32:7இல் ஏசாவுக்கு முன் யாக்கோபு பயந்து வியாகுலப்பட்டதோடு சேர்ப்பார்கள். சேர்க்கலாம். எரேமியா 30:3-4 இஸ்ரவேல், யூதா இருவரையும் சேர்த்தே சொல்கிறது என்பதை மட்டும் விடாதீர்கள். அதைப் பத்துக் கோத்திரத்துக்கு ஒதுக்க முடியாது.

இரண்டு கோல்களைப் பற்றி. எசேக்கியேல் 37:15-28ஐ ஆதியாகமம் 45இன் "நிறைவேறுதல்" என்று சொல்லாதீர்கள், எதிரொலி என்று சொல்லலாம். பேர்கள் இருக்கின்றன: யூதா ஒரு கோல், யோசேப்பு ஒரு கோல். அதற்கு முந்திய பகுதியில் "எங்கள் நம்பிக்கை அற்றுப்போயிற்று" என்கிற உலர்ந்த எலும்புகள் உயிர்க்கின்றன (37:11). யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்று கேட்டு, யாக்கோபின் இருதயம் முதலில் நம்பாமல் சோர்ந்து, பிறகு அவன் ஆவி உயிர்த்ததையும் (45:26-27) பக்கத்தில் வையுங்கள். ஆனால் முடிவில் திசை மாறுகிறது. ஆதியாகமத்தில் சகோதரர் யோசேப்பைப் பணிகிறார்கள். எசேக்கியேல் 37:24இல் ராஜா தாவீது, அதாவது யூதா. ஏசாயா 11:13இலும் இதே திருப்பம்: ஆதியாகமம் 37:11இல் பொறாமைப்பட்டவர்கள் யோசேப்பின் சகோதரர், ஏசாயாவில் பொறாமை நீங்கவேண்டியவன் எப்பிராயீம். தீர்க்கதரிசிகள் பழைய கதையைப் பிரதி எடுக்கவில்லை, திருத்தி எழுதினார்கள். இதைச் சொன்னால் வாலிபர்கள் விழித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, யோசேப்பை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. தானியம் வாங்க வந்தவர்கள்முன் அவனே தன்னை வெளிப்படுத்தினான், அதுவும் யூதா தன்னைப் பென்யமீனுக்குப் பதிலாக அடிமையாகக் கொடுக்கத் துணிந்த பிறகு (44:33). இன்ன தேசத்தார்தான் எப்பிராயீம் என்று விரல் நீட்டுகிற ஆராய்ச்சிக்கு இந்தக் கதை ஆதரவு தரவில்லை.

பழையஏடு:

செவ்வாய்வாசகர் எழுதியதற்கு ஒரு நடைமுறைச் சேர்க்கை. ஒரே பாடத்தில் யோசேப்பை இயேசுவுக்கும் முன்னடையாளமாக, வடகோத்திரங்களுக்கும் முன்னடையாளமாக வைக்காதீர்கள். அப்போஸ்தலர் 7:9-14இல் ஸ்தேவான் போகிற வழி முதலாவது. அதில் சகோதரர் தள்ளிவிட்டவர் மீட்பர். இரண்டாவது வழியில் தொலைந்துபோனவனே யோசேப்பு, அவனுக்குத்தான் மீட்பு வேண்டும். இரண்டையும் கலந்தால் நடுவில் யோசேப்பு யார் என்றே தெரியாமல் போகும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றது உண்டு என்று ஒரு வாக்கியம் சொல்லி விட்டுவிடுங்கள்.

ஒன்றரை மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 10 நிமிஷம் 1 நாளாகமம் 5:1-2, ஆதியாகமம் 48:5. அடுத்த 20 நிமிஷம் ஆதியாகமம் 37ஐயும் ஆமோஸ் 6ஐயும் இருவர் மாறி மாறி உரக்கப் படிக்கட்டும், விளக்கம் பிறகு. 15 நிமிஷம் 2 இராஜாக்கள் 17உம் வரைபடமும். வரைபடத்தில் எபிரோன், சீகேம், தோத்தான், சமாரியா நான்கையும் குறியுங்கள். யோசேப்பு எபிரோனிலிருந்து அனுப்பப்பட்டு, சுமார் 80 கிலோமீட்டர் நடந்து சீகேமுக்கு வந்து, அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே தோத்தானில் விற்கப்பட்டான். சீகேமில்தான் ராஜ்யம் பிளந்தது (1 இராஜாக்கள் 12:1), அங்கேதான் அவன் எலும்புகளும் அடக்கம்பண்ணப்பட்டன (யோசுவா 24:32). பிறகு 20 நிமிஷம் ஓசியா 12 அல்லது எரேமியா 31, இரண்டும் வேண்டாம், நேரம் போதாது. 15 நிமிஷம் எசேக்கியேல் 37. மிச்சம் 10 கேள்விக்கு.

கோல் காட்டுவதானால் 30 சென்டிமீட்டர் மர அளவுகோல் இரண்டு போதும். ஒன்றில் "யூதா", மற்றதில் "யோசேப்பு – எப்பிராயீம்". இரண்டிலும் "அவனைச் சேர்ந்த இஸ்ரவேலர்" என்ற பகுதியும் இருக்க வேண்டும் (37:16). அதை விட்டால் யூதாவின் கோலில் வடக்கத்தியர் யாருமே இல்லை என்று ஆகிவிடும், ஆபோர்நதி சொன்ன ஆசேரியரும் செபுலோனியரும் காணாமல் போவார்கள். டேப் ஒட்டாதீர்கள். கைக்குள் ஒன்றாகிறது என்பதே அடையாளம், முனைகளை உள்ளங்கையில் மறைத்துப் பிடித்தால் சரி. 17ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் 24 வரை படியுங்கள்.

ஆபோர்நதி:

கேள்வி நேரத்தில் கட்டாயம் வரப்போவது தங்களை மனாசே வழியினர் என்று சொல்லும் மணிப்பூர், மிசோரம் பெனே மனாசே. சுருக்கமான பதில்: 2005இல் இஸ்ரவேலின் செபார்தியத் தலைமை ரபி ஷ்லோமோ அமார் அவர்களை இஸ்ரவேல் வழியினராக ஏற்றார், ஆனாலும் முறைப்படி யூத மதத்தில் சேர வேண்டும் என்பது நிபந்தனை. எத்தியோப்பிய யூதரைத் தாண் கோத்திரத்தார் என்று ரபி ஓவாதியா யோசேப் 1973இல் ஏற்றார். இவை மதச் சட்ட முடிவுகள். டி.என்.ஏ. வைத்து நிரூபிக்கலாமே என்றால், ஒப்பிட்டுப் பார்க்க கி.மு. எட்டாம் நூற்றாண்டு மனாசேயன் ஒருவனின் மாதிரி கையில் இல்லை.

திரும்பி வருவார்களா என்ற சண்டை யூத ரபிகளுக்குள்ளேயே பழையது. யூதரின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், சன்ஹெத்ரின் 10:3இல், உபாகமம் 29:28ஐ வைத்து ரபி அக்கிபா வரமாட்டார்கள் என்கிறார். அதே வசனத்தை வைத்து ரபி எலியேசர், பகல் இருண்டு மறுபடி வெளுப்பதுபோல அவர்களுக்கும் வெளுக்கும் என்கிறார். வாலிபர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாட இது நல்ல இடம்.

வசன எண்ணில் ஒரு எச்சரிக்கை. எபிரெய எண்முறையைப் பின்பற்றும் பதிப்பை யாராவது கொண்டுவந்தால் ஓசியா 1:10 அங்கே 2:1 ஆக இருக்கும். 12ஆம் அதிகாரம் முழுவதும் ஒரு வசனம் தள்ளி வரும், நம் 12:12 அங்கே 12:13. முன்கூட்டியே தாளில் இரண்டு எண்ணையும் போட்டுவிடுங்கள்.